69 ஷெவெலுக்குப் பெரிய ஆல்டர்னேட்டர்: வயரிலிருந்து தொடங்குங்கள்

1969 செவ்ரோலெட் ஷெவெலில் சாதாரணமாகப் பொருத்தி வந்தது டெல்கோ-ரெமியின் 37 ஆம்ப் ஆல்டர்னேட்டர். முன்விளக்கு, வைப்பர், ரேடியோ, ஹீட்டர் விசிறி இவ்வளவுதான் அன்றைய செலவு என்பதால் அது போதுமானதாக இருந்தது. இன்று அதே காரில் மின்விசிறி, மின்சாரப் பெட்ரோல் பம்ப், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் எல்லாம் ஏறிவிட்டன. சிக்னலில் நின்றால் விளக்கு மங்குகிறது. உடனே 140 ஆம்ப் ஆல்டர்னேட்டருக்கு ஆர்டர் போடத்தான் தோன்றும். சற்றுப் பொறுங்கள்.

முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க ஓடாமல் நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால் பேட்டரியைச் சரிபார்த்துவிட்டு மற்றதைப் பாருங்கள். அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு விளக்கு, விசிறி எல்லாவற்றையும் போடுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னாலுள்ள பெரிய போல்ட்டிலும் கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் வழியிலுள்ள வயரோ இணைப்போ மின்சாரத்தைத் தின்கிறது. ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவிலும் இதேபோல் பாருங்கள். அங்கே 0.2க்கு மேல் போனால் எர்த் சரியில்லை. பல கார்களில் நோய் இங்கேயே பிடிபடும். இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டினாலும், அரை நூற்றாண்டுப் பழைய வயரைக் கூடுதலாகச் சுட வைப்பதுதான் மிச்சம்.

பிறகு செலவைக் கூட்டுங்கள். முன்விளக்குகள் 10 முதல் 18 ஆம்ப், பெரிய மின்விசிறி 25 முதல் 30, இன்ஜெக்‌ஷனும் பம்பும் சேர்ந்து ஏறக்குறைய 15. எல்லாம் 65 ஆம்புக்குள் அடங்கினால் டெல்கோ-ரெமியின் 12எஸ்ஐ வகை ஆல்டர்னேட்டர் தாராளமாகப் போதும். 78, 94 ஆம்புகளில் கிடைக்கிறது, ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. பழைய பிராக்கெட்டிலேயே பெரும்பாலும் உட்கார்ந்துவிடும், பழைய வி-பெல்ட் புல்லியும் ஏறும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆம்ப், உயர்ந்த வேகத்தில் கிடைப்பது. ஐடிலிங்கில் எவ்வளவு தரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். சிக்னலில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அதுதான். மேலும், ஒற்றை வி-பெல்ட்டுக்கு 100 ஆம்ப் என்பதே பெரும் சுமை. அதற்கு மேல் போனால் பெல்ட் வழுக்கிக் கீச்சிடும்.

'ஒற்றை வயர்' ஆல்டர்னேட்டர் என்றும் ஒன்று விற்கிறார்கள். மாட்டுவது எளிது. ஆனால் அது தன் முதுகிலுள்ள வோல்ட்டை மட்டுமே அளக்கும், விளக்குக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பது அதற்குத் தெரியாது. ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால்தான் பலவற்றில் சார்ஜே தொடங்கும். டிராக்டருக்குச் சரி. தினமும் ஓட்டும் காருக்கு, 12எஸ்ஐ போன்ற மூன்று வயர் வகைதான் என் கட்சி.

இனி வேலைக்கு வருவோம். பேட்டரி மைனஸைக் கழற்றாமல் எதிலும் கை வைக்க வேண்டாம். புதியதில் ரெகுலேட்டர் உள்ளேயே இருப்பதால் பழையது இனி வேண்டாம். ரேடியேட்டர் சப்போர்ட்டிலுள்ள அந்தப் பழைய ரெகுலேட்டரின் பிளக்கை உருவினால் நான்கு வயர்கள் இருக்கும். பழுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேருங்கள். சிவப்பையும் நீலத்தையும் ஒன்றாகச் சேருங்கள். ஆல்டர்னேட்டர் பக்கம், வெள்ளை 1ஆம் டெர்மினலுக்கு, நீலம் 2ஆம் டெர்மினலுக்கு. இத்தனை ஆண்டுகளில் யாராவது வயர் மாற்றியிருக்கலாம் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

1ஆம் டெர்மினலுக்குப் போகும் வழியில் எச்சரிக்கை விளக்கோ ரெசிஸ்டன்ஸ் வயரோ இருக்க வேண்டும். சாவியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தால், சாவியை அணைத்த பிறகும் மின்சாரம் அந்த வயரில் திரும்பி வந்து இக்னிஷனை விடாது, இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கில்லாத காரில் அந்த வயரில் ஒரு டயோடு போடுங்கள்.

2ஆம் டெர்மினல்தான் இதில் முக்கியம், அது ரெகுலேட்டரின் கண். ஷெவெலில் மின்சாரம் பிரியும் சந்திப்பு, ஹாரன் ரிலேயிலுள்ள பட்டை. அந்த இடத்து வோல்ட்டை இந்த வயர் பார்த்துக்கொண்டிருந்தால், வழியில் குறையும் வோல்ட்டை ஆல்டர்னேட்டர் தானே ஈடுகட்டிக்கொள்ளும். எனவே மின்விசிறி, பம்ப் ரிலேக்களுக்கும் பேட்டரியிலிருந்து எடுக்காமல் இதே பட்டையிலிருந்து, தனித்தனி ஃபியூஸ் போட்டு எடுங்கள்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பட்டைக்குப் போகும் பழைய சிவப்பு வயரைத் தூக்கிவிட்டு, 78 ஆம்புக்கு 8 கேஜ், 94க்கு 6 கேஜ் வயர் போடுங்கள். பேட்டரிக்குப் போகும் வயரில் ஃபியூசிபிள் லிங்க் கட்டாயம் வேண்டும். காக்க வேண்டிய வயரைவிட நான்கு எண் மெல்லியதாக, அதாவது 10 கேஜ் வயருக்கு 14 கேஜ் லிங்க் என்பது பழைய கணக்கு. எர்த்துக்கு, இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரிக்கு ஒன்று, பாடிக்கு ஒன்று. பவுடர் கோட்டிங் அடித்த பிராக்கெட் பார்க்க அழகுதான், மின்சாரத்தை மட்டும் விடாது. போல்ட் உட்காரும் இடத்தில் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள்.

பிளக் தவறான பக்கம் பார்த்தால் பயப்பட வேண்டாம். நான்கு நீண்ட போல்ட்டுகளைத் தளர்த்தி, பின்பாதியைக் கால் சுற்று திருப்பலாம். இரு பாதிகளும் முழுதாகப் பிரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிந்தால் உள்ளே கார்பன் பிரஷ்கள் துள்ளி வெளியே வரும். அவற்றை உள்ளே அமுக்கி, பின்பக்கத்துச் சின்னத் துளை வழியே நேராக்கிய பேப்பர் கிளிப்பைச் செருகிப் பிடித்துக்கொண்டு மூடி, பிறகு கிளிப்பை உருவ வேண்டும்.

பேட்டரியை மாட்டியதும் சாவியைப் போடுங்கள், விளக்கு எரிய வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஐடிலிங்கில் 13.8 முதல் 14.5 வோல்ட் இருந்தால் நல்லது, எல்லாச் சுமையையும் போட்டும் 13.5க்குக் கீழே போகக் கூடாது. ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பட்டறை வித்தையைச் செய்யாதீர்கள், டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும். காலியான பேட்டரியைச் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும், அந்த வேலையை ஆல்டர்னேட்டரிடம் கொடுத்தால் அது சூட்டில் வெந்துவிடும். புது பெல்ட் சில மணி நேர ஓட்டத்தில் தளரும். இறுக்கிவிட்டு, இன்ஜினை அணைத்த கையோடு வயர் முனைகளிலுள்ள ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்கள். எது மற்றவற்றைவிடச் சுடுகிறதோ அதை மீண்டும் கிரிம்ப் செய்ய வேண்டும்.