துடிப்பு தாளம் தப்பும்போது: புதிதாக வந்தவர்களுக்கு

ஈசிஜி தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இது நின்றுவிடுமா, திரும்பத் திரும்ப வருமா?" என்று கேட்டு வருகிறீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இந்தத் தாளம் தப்பிய துடிப்பு பெரும்பாலும் திரும்பி வரும். அதோடு வாழலாம், நன்றாகவே வாழலாம். நெடுநாளாக அதோடு வாழ்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. நாடி பார்க்கப் பழகுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது நமக்கு ஆகாது. இரண்டு துடிப்பு முண்டியடித்து வரும், ஒன்று பிந்தும், ஒன்று விரலுக்கு எட்டாமலே போகும். பிபி மிஷினும் அப்போது தடவைக்கு ஒரு எண் காட்டும். பதறாமல் மூன்று முறை பார்த்து மூன்றையும் குறித்துவையுங்கள்.

2. "படபடப்புதான் போய்விட்டதே, இனி மாத்திரை எதற்கு?" இந்த எண்ணத்தைத்தான் எல்லாவற்றையும்விட நான் அஞ்சுகிறேன். இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்கும்போது, இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். நமக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 5 மடங்கு. ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கு குறையும். அந்த மாத்திரை வேண்டுமா என்பதை வயது, பிபி, சர்க்கரை, இதயத்தின் பலவீனம், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்தே முடிவு செய்வார்கள். உங்களுக்குப் படபடக்கிறதா என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆஸ்பிரின் அந்த மாத்திரைக்கு ஈடாகாது.

3. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் மாத்திரையைக் கேட்காதீர்கள். சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்கு இன்றும் பழைய வார்ஃபரின், அசினோகூமரால் வகைதான். 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வும் அதையே உறுதிசெய்தது. இந்த வகை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். கீரை அந்த அளவை மாற்றும், அதற்காகக் கீரையை வெறுக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எப்போதும் இரண்டே நாள், அவ்வளவுதான். புதிய வகையில் அபிக்சபான் காலை, இரவு இரண்டு வேளை. ரிவராக்சபான் இரவுச் சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் முழுதாக உடம்பில் சேராது. ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடாதீர்கள்.

4. முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடாதீர்கள், உறைவு தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். பல் பிடுங்க வேண்டுமென்றாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

5. ஷாக் கொடுத்துச் சீராக்கிய துடிப்பு சில மாதத்தில் மறுபடி தப்பலாம். அது உங்கள் குற்றமல்ல. ஷாக்குக்கு முன் மூன்று வாரமும் பின் நான்கு வாரமும் உறைவு தடுக்கும் மாத்திரை கட்டாயம். துடிப்பைச் சீராக வைக்கும் அமியோடரோன் நல்ல மருந்து, ஆனால் தைராய்டு, ஈரல், நுரையீரல் மூன்றிலும் கை வைக்கக்கூடியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள், விடாத வறட்டு இருமலை மறைக்காதீர்கள். அப்லேஷனைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய்களின் வாயில்தான் இந்தத் தாறுமாறு பெரும்பாலும் கிளம்புகிறது என்று 1998இல் பிரான்ஸின் போர்தோ நகரில் ஹைஸாகேரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். அந்த வாயைச் சுற்றிச் சூடு வைத்தோ உறையவைத்தோ வேலி போடுவதுதான் அப்லேஷன். முதல் இரண்டு மூன்று மாதம் புண் ஆறும்வரை படபடப்பு வரலாம், அதை வைத்துத் தோற்றுவிட்டது என்று அழாதீர்கள். சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படும்.

6. துடிப்பைத் தப்பவைக்கும் காரணங்களையும் கவனியுங்கள். குறட்டை விடுகிறவர்கள் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடையைக் குறையுங்கள். மதுவை அடியோடு விடுங்கள்.

7. வாய் ஒரு பக்கம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். எந்த மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் பார்த்தே ஆஸ்பத்திரியில் சிகிச்சையை முடிவு செய்வார்கள். மாத்திரையின் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையிலோ பர்ஸிலோ வையுங்கள். வீட்டில் ஒருவருக்காவது அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே காட்டிவிடுங்கள்.