வந்த காரா, சொந்த ஊர்க் காரா?

சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ள அரசு தரும் உரிமைச் சீட்டின் ஆயுள் பத்து ஆண்டுகள். அது தீர்ந்ததும் பெருந்தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இல்லையேல் வண்டியை உடைக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ வேண்டும். பளபளவென்று நிற்கும் அவ்வண்டிகளைக் காணும் நம்மவர்கள், "இதைக் கப்பலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனால் என்ன?" என்று கேட்பதில் வியப்பில்லை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் அயல்நாட்டில் உறவினர் இல்லாத தெரு குறைவு. ஆகவே நாங்கள் நால்வர் கணக்குப் போட்டுப் பார்க்க முனைந்தோம்.

எங்களில் ஒருத்தியின் சித்தப்பா சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு ஆவடி திரும்புகிறார். பாட்டியை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். ஆட்டோவில் அவரால் உட்கார முடிவதில்லை. கார் கட்டாயம் தேவை. ஆனால் கையிலிருப்பது ஒரு முறைதான் செலவழிக்கக்கூடிய சேமிப்பு.

முதலில் சட்டத்தைப் பார்த்தோம். இந்தியாவுக்குள் வரும் பழைய கார், தயாரான நாளிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேற்பட்டதாக இருக்கலாகாது. பத்தாண்டுச் சிங்கப்பூர் வண்டி இங்கேயே விழுந்துவிட்டது! ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. துபாயிலும் சவூதியிலும் ஓடும் கார்களுக்கு அது இடப்பக்கம்; எனவே வளைகுடாவில் இருப்போர் ஆசைப்படவே வேண்டாம். வண்டி மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறங்கலாம். இறங்கியபின் புனே, அகில்யாநகர் போன்ற இடங்களிலுள்ள அரசு ஏற்ற சோதனை நிலையம் ஒன்றில் தேர்வு எழுதித் தேற வேண்டும். (எங்களுக்குத்தான் அரசுத் தேர்வு என்று நினைத்திருந்தோம்.) நம் பக்கத்து எண்ணூரிலிருந்து ஆயிரமாயிரம் புதுக் கார்கள் வெளிநாடு போகின்றன, ஒரு பழைய காருக்கோ அங்கே இறங்க இடமில்லை.

இனி, விலை. மலிவாக வாங்கினேன் என்று ரசீதைக் காட்டினால் சுங்க அதிகாரி பொதுவாக அதை ஏற்பதில்லை. அந்தக் கார் புதிதாயிருந்தபோது என்ன விலை என்று பார்த்து, முதலாண்டுக்கு 16 விழுக்காடு, இரண்டாமாண்டுக்கு 12 விழுக்காடு என்று தேய்மானம் கழிப்பார். புது விலை 12.5 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டு ஓடிய பின் அதன் மதிப்பு 9 இலட்சம். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் ஒரு இலட்சம் என்றால், மொத்தம் 10 இலட்சம். 2025 பட்ஜெட்டின்படி சுங்கமும் வேளாண் கட்டமைப்புத் தீர்வையும் சேர்ந்து 137.5 விழுக்காடு, அதாவது 13.75 இலட்சம். ஆக 23.75 இலட்சம். வரியோடு சேர்ந்த இந்தத் தொகையின் மேல்தான் ஜி.எஸ்.டி. விழுகிறது! பெரிய எஞ்சின் காருக்கு 2025 செப்டம்பர் முதல் 40 விழுக்காடு, அது 9.5 இலட்சம். முடிவில் 33.25 இலட்சம். மும்பையிலிருந்து கொண்டுவரும் செலவும் தமிழக ஆயுட்கால வரியும் இன்னும் பாக்கி. மூன்று தடவை சரிபார்த்தோம், தொகை குறையவில்லை.

இலங்கையில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஜப்பானில் ஓடிய கார்களே ஏராளம். ஜப்பானிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான். அங்குங்கூட அந்நியச் செலாவணி காக்க 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். சொந்தக் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இந்தியாவில் உள்நாட்டுத் தொழிலைக் காக்கவே இவ்வளவு உயரமான வரிச்சுவர். அச்சுவரின் நிழலில்தான் பாடியின் உதிரிப்பாகத் தொழிற்சாலைகளும், 1998இல் சான்ட்ரோ புறப்பட்ட இருங்காட்டுக்கோட்டையும் வளர்ந்தன. நம் ஊர்த் தகப்பனார்கள் பலருக்குச் சோறு போடும் சுவர் என்பதால் அதைக் குறைகூற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அதன் விலையை வாங்குபவர்தான் கொடுக்கிறார் என்பதையும் மறைக்க முடியாது.

உள்ளூர்ப் பழைய கார் என்றால் கணக்கு மிக எளிது. வியாபாரி நாலரை இலட்சத்துக்கு வாங்கி ஐந்துக்கு விற்றால், அவருடைய இலாபமான ஐம்பதாயிரத்தின் மேல் மட்டும் 18 விழுக்காடு, ஒன்பதாயிரம் ரூபாய். வீட்டுக்காரரிடமே நேரில் வாங்கினால் அதுவும் இல்லை. தமிழகப் பதிவு வண்டியானால் ஆயுட்கால வரியை முதல் உரிமையாளரே கட்டியிருப்பார். புதுச்சேரி, கர்நாடக வண்டிக்கு இங்கே மீண்டும் கட்ட வேண்டும். உதிரிப்பாகம் பாடியிலோ புதுப்பேட்டையிலோ கிடைக்கும். இறக்குமதிக் காரின் ஒரு கண்ணாடிக்குக் கப்பலையல்லவா எதிர்பார்க்க வேண்டும்!

ஆனால் உள்ளூர்க் காரிலும் கண்ணை மூடிக்கொண்டு கைவைக்கலாகாது. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பகுதிகளில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. கழுவித் துடைத்தால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்க்க வேண்டும். அடி நுனியில் சேறு ஒட்டியிருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். டயர், பாட்டரி, கிளட்ச் இவற்றுக்குத் தனியே பணம் ஒதுக்கி வைப்பது நலம். பதிவுச் சான்றில் வங்கிக் கடன் குறிப்பு இருந்தால், அது நீங்கும்வரை முன்பணம் தரக்கூடாது. படிவம் 29, 30 இரண்டையும் கையெழுத்துடன் நிரப்பி, அம்பத்தூரானால் டி.என். 13, பூந்தமல்லியானால் டி.என். 12 அலுவலகத்தில் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸையும் பதினான்கு நாட்களுக்குள் மாற்றிவிட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். சித்தப்பாவுக்கு அனுப்பிய தாளில் நாங்கள் இந்த வரியைச் சிவப்பு மையால் எழுதினோம்.