நால்வரைத் தெரிதல்

செய்யாற்றங்கரையில் உள்ள மாகறலில் ஒரு கிரிக்கெட் குழு இருப்பதாகக் கொள்வோம். அக்கம்பக்கத்து ஊரார் புதிதாக இரண்டு குழுக்களை அமைக்க விரும்புகின்றனர். அவற்றிற்கும் ஆட்டக்காரர் வேண்டுமல்லவா? "உங்களுள் நால்வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; ஏனையோரைப் பொதுவில் விட்டுவிடுங்கள்" என்று பெரியோர் கூறுவாராயின், மாகறல் குழுவின் தலைவன் யாரை வைத்துக்கொள்வான்? யாரை விடுவான்?

இத்தகைய இக்கட்டு 2021-ஆம் ஆண்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் குழுவிற்கு உண்மையாகவே நேர்ந்தது. எட்டுக் குழுக்கள் ஆடிவந்த ஐ.பி.எல். போட்டியில் லக்னோ, குஜராத் என்னும் இரண்டு புதிய குழுக்கள் சேர்ந்தன. பழைய குழு ஒவ்வொன்றும் நால்வர் வரையே வைத்துக்கொள்ளலாம். அவருள் இந்தியர் மூவருக்கு மேலும், அயல்நாட்டார் இருவருக்கு மேலும் இருத்தல் கூடாது என்று விதித்தனர். செலவிடத்தக்க தொகை 90 கோடி ரூபாய். நால்வரை வைத்துக்கொண்டால் அதில் 42 கோடி குறைந்துவிடும்.

சென்னைக் குழு அவ்வாண்டு அக்டோபரில்தான் கோப்பையை வென்றிருந்தது. அவ்வெற்றிக்குத் துணைநின்ற தொடக்க ஆட்டக்காரர் இருவர். ருதுராஜ் கெய்க்வாட் எடுத்த ஓட்டங்கள் 635. தென்னாப்பிரிக்கரான டூ பிளெசிஸ் எடுத்தவை 633. இறுதியாட்டத்தில் 86 ஓட்டங்கள் குவித்தவரும் டூ பிளெசிஸே. இரண்டே ஓட்டங்கள்தாம் வேறுபாடு! ஆயினும் கெய்க்வாடுக்கு வயது 24, மற்றவருக்கோ 37. அயல்நாட்டாருள் மட்டை பிடிக்கவும் பந்து வீசவும் வல்ல மொயீன் அலியும் இருந்தார். முடிவில் ஜடேஜா, தோனி, மொயீன் அலி, கெய்க்வாட் என்னும் நால்வரே நின்றனர். தோனிக்கு அப்போது வயது 40. வயதை மட்டும் கணக்கிட்டிருந்தால் அவர் பெயர் பட்டியலில் இடம்பெற்றிராது. ஆட்டத்திறனைப் போலவே தலைமைக்கும் ஒரு விலை உண்டன்றோ?

பனித்தரையில் ஆடும் ஹாக்கியிலும் இவ்வழக்கம் உண்டு. 2017-இல் அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் புதிய குழு தோன்றியபோது, பழைய குழு ஒவ்வொன்றும் ஓர் இலக்குக் காவலரையே காத்துக்கொள்ளலாம் என்றனர். பிட்ஸ்பர்க் குழு 23 வயதான மரேயைக் காத்து, 32 வயதான ஃப்ளூரியை விட்டது. அவரைப் பெற்ற வேகஸ் குழு முதலாண்டிலேயே இறுதியாட்டம் வரை சென்றது. இளமையைத் தெரிந்தவர் எப்போதும் பிழைபடார் என்று சொல்லுவதற்கில்லை.

விடுபட்டோரைச் சென்னைக் குழு ஏலத்தில் மீட்க முயன்றது. பந்து வீச்சாளர் தீபக் சாகர் 14 கோடிக்குத் திரும்பினார். காயமுற்றமையால் 2022-இல் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. டூ பிளெசிஸையோ பெங்களூர்க் குழு 7 கோடிக்குப் பெற்றுத் தலைவராக்கிற்று. அவ்வாண்டு பத்துக் குழுக்களுள் சென்னை ஒன்பதாம் இடத்தில் நின்றது. புதிய குஜராத் குழு கோப்பையை வென்றது. டூ பிளெசிஸை விட்டது தவறு என்றே அன்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

மறு ஆண்டு இறுதியாட்டத்தில் அக்குஜராத்தே எதிர்நின்றது. இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் வேண்டும். ஒன்றை ஆறாகவும் மற்றொன்றை நான்காகவும் அடித்து வென்றவர், முதற்பெயராக வைத்துக்கொள்ளப்பட்ட ஜடேஜா.