சிம்னிக் குழாய்க்குச் சுவரில் துளை போடுவது எப்படி?

சமையலறைச் சிம்னியின் 6 அங்குலக் குழாயை 9 அங்குலச் செங்கல் சுவர் வழியாக வெளியே விட, உளியும் சுத்தியலும் வேண்டாம். உள்ளே துளை வட்டமாக வந்தாலும் வெளிப்பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். 162 மி.மீ. வைர கோர் பிட்டையும், பிட் சிக்கினால் தானே நழுவிக்கொள்ளும் கிளட்ச் உள்ள டிரில்லிங் மெஷினையும் வாடகைக்கு எடுங்கள். கிளட்ச் இல்லாததைத் தொடவே கூடாது, மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும்.

பீம், தூண், லிண்டல் இருக்கும் இடம் ஆகாது. ஸ்விட்ச் பாக்ஸுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும், அங்கும் வேண்டாம்.

பலர் கோட்டை விடுவது வெளிப்பக்கத்தில்தான். உள்ளிருந்தே ஒரே மூச்சில் துளைப்பார்கள். பிட் வெளியேறும் நேரத்தில் கடைசிச் செங்கல்லையும் பூச்சையும் சேர்த்துத் தள்ளிவிடும். அதனால் முதலில் 12 மி.மீ. விட்டமுள்ள நீளமான பிட்டால் நடுப்புள்ளியில் முழுச் சுவரையும் துளையுங்கள். வெளிமுனை அரை அங்குலம் தாழ்ந்திருக்கட்டும், மழைத்தண்ணீர் உள்ளே வராது. சாய்வைக் கண்ணால் நம்பாதீர்கள், பக்கத்தில் ஒருவர் ரசமட்டம் பிடித்துப் பார்க்கட்டும். கடைசி 2 அங்குலத்துக்கு மெஷினின் ஹாமர் இயக்கத்தை, அதாவது இடித்துத் துளைப்பதை, நிறுத்திவிடுங்கள். பிறகு வெளியே போய்ப் பாருங்கள். முனை தண்ணீர்க் குழாய்க்கோ சன்ஷேடுக்கோ நேராக வந்திருந்தால், இப்போதைக்குப் போனது சின்ன ஓட்டைதான். பூசிவிட்டு இடம் மாற்றலாம்.

இனி கோர் பிட். உள்ளிருந்து பாதி ஆழம், மீதி வெளியிலிருந்து, அதே சிறு துளையை மையமாக வைத்து. இரண்டும் நடுவில் சந்திக்கும். சிறு பிசிறு இருந்தால் உளியால் தட்டலாம். கோர் பிட்டுக்கு ஹாமர் கூடவே கூடாது, வைரப் பற்கள் கழன்றுவிடும். பலமாக அழுத்தவும் வேண்டாம், லேசான சீரான அழுத்தமே போதும். 2 அங்குலத்துக்கு ஒருமுறை வெளியே இழுத்துத் தூசியைத் தட்டுங்கள். வட்ட வெட்டுக்குள் உளியைச் செருகி நெம்பினால் நடுக்கல் உடைந்து வரும். தூசி நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குட்டை போதாது, என்95 முகக்கவசம் அவசியம்.

மாடியில் வெளியே நிற்க இடமில்லையா? சாரம் கட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் உள்ளிருந்தே, கடைசி 2 அங்குலத்தை மிக மெதுவாக வெட்டுங்கள். கீழே ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது, கல் விழும்.

ஏசி குழாய்க்கும் இதே முறைதான், பிட் மட்டும் 65 மி.மீ. அங்கே சாய்வு இன்னும் முக்கியம், வடிகுழாய்த் தண்ணீர் தானாக வெளியேற வேண்டும்.

சிம்னிக் குழாயைச் செருகியதும் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் அடைத்து, வெளிவாயில் சிம்னிக் காற்று வந்தால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் தகடு வைத்த மூடியைப் பொருத்துங்கள். அணிலும் பல்லியும் வராது.