மூன்றுகால் மேசை வாங்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

1. ஏலக்கூடத்தில் எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தச்சர் மேல்பக்கத்துக்குத்தான் மெருகு போட்டார். அடியை அப்படியே விட்டுவிட்டார். அடியில் புதுச்சாயம் தெரிந்தால் விலையே கேட்காதீர்கள்.

2. சாயும் பலகை என்றால் அடியில் இரண்டு தாங்குகட்டைகளும், நடுத்தண்டின் தலைக்கட்டை உட்கார்ந்த சதுரத் தழும்பும் இருக்க வேண்டும். தழும்பு இல்லை, அடைத்த திருகாணித் துளைகள் மட்டும் நிறைய இருக்கின்றன என்றால், பலகை ஒரு வீட்டிலிருந்தும் கால் இன்னொரு வீட்டிலிருந்தும் வந்தவை.

3. வட்டப் பலகையை நார் ஓடும் வாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை அளந்து பாருங்கள். மரம் குறுக்கேதான் சுருங்கும். இருநூற்றைம்பது வருஷத்துப் பலகை அச்சு வட்டமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

4. அலையலையாக எழும்பும் 'பை கிரஸ்ட்' விளிம்புக்குப் பணம் அதிகம். அதனால் ஏமாற்றும் அங்கேதான். அசல் வேலையில், தடித்த ஒரே மகாகனிப் பலகையின் நடுவைக் குடைந்து எடுத்து, விளிம்பை மட்டும் மேடாக விட்டிருப்பார்கள். 1721-ல் காலனி மரத்துக்கு இங்கிலாந்தில் இறக்குமதி வரி நீங்கிய பின், ஜமைக்காவிலிருந்து அகலமான பலகைகள் வந்திறங்கின. (அங்கே அந்த மரங்களைச் சாய்த்தவர்கள் அடிமைகள். மேசையின் அழகைப் பேசும்போது இதையும் பேசலாம்.) விக்டோரியா காலத்தில் சாதாரணப் பலகைகளைக் குடைந்து இப்படி மாற்றினார்கள். மெல்லிய பலகையில் அவ்வளவு குடைந்தால் தாங்குகட்டைத் திருகாணியின் துளை மேலே எட்டிப் பார்க்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்து அதைத் தேடுங்கள். ஒட்டிய விளிம்பு அதைவிட மட்டம்.

5. சில மேசைகளில் பலகைக்கும் தண்டுக்கும் இடையே இருக்கும் பறவைக்கூண்டு: இரண்டு சதுரக் கட்டைகள், நடுவே நான்கு குட்டித் தூண்கள், ஒரு ஆப்பு. பலகையைச் சுழற்றவும் சாய்க்கவும் இதுதான் வழி. ஆப்பு புதிதென்றால் பரவாயில்லை, கூண்டே புதிதென்றால் கூடாது.

6. கால்களைத் தண்டின் அடியிலிருந்து டவ்டெயிலாகச் செருகியிருப்பார்கள். பாரம் ஏற ஏறக் கால்கள் அகலும், தண்டின் அடி பிளக்கும். அதற்குத்தான் மூன்று கை கொண்ட இரும்புத் தகடு. பழைய ஒட்டுவேலையைக் கண்டு பயப்படாதீர்கள். நான் வாங்குவேன், பேரம் பேசித்தான்.

7. ஆங்கிலேயத் தச்சர் சிப்பண்டேலின் 1754 மாதிரிப் புத்தகத்தில் கணப்புத் தடுப்புகளுக்கும் படம் உண்டு. அப்படித் தண்டும் மூன்று காலுமாக நின்ற தடுப்புகளின் அடியை வெட்டி, மேலே பலகை வைத்து மேசையாக விற்றவர்கள் பலர். விளிம்பில் கைவைத்து அழுத்துங்கள். கவிழப் பார்த்தால் கால்விரிப்பு போதவில்லை. அது மேசையாகப் பிறந்ததல்ல.

8. மெழுகுவத்தி ஸ்டாண்ட், கெட்டில் ஸ்டாண்டுக்கும் இதே சோதனைதான். சின்னதாயிற்றே என்று கவிழ்க்காமல் வாங்காதீர்கள்.