எலும்பில் எழுதிய நோய் வரலாறு

முன்னுரை

நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயற்பட வேண்டும் என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் நெறி. நோயாளி எதிரே இருப்பின் நாடியைப் பிடித்துப் பார்க்கலாம். வலிக்கும் இடம் யாதெனக் கேட்கலாம். நோயாளி மறைந்து நாலாயிரம் ஆண்டுகள் கழிந்திருப்பின் யாரைக் கேட்பது? எஞ்சிய எலும்பையும் பல்லையும் கேட்கலாம் என விடை தருகின்றது தொல்நோயியல் என்னும் அறிவுத்துறை.

எகிப்து நாட்டில் பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பழைய உடல்களின் சிறுநீரகங்களில் ஒட்டுண்ணிப் புழுவின் முட்டைகளைக் கண்டு 1910-இல் வெளியிட்டார் மார்க் அர்மாண்ட் ரஃபர் என்னும் மருத்துவ அறிஞர். இத்துறையின் தொடக்கக்காலச் சாதனைகளுள் அது தலையாயது. காசம், கொள்ளைநோய், தொழுநோய் எனப் பல நோய்கள் இத்துறையால் ஆராயப்பட்டுள்ளன. அவற்றுள் தொழுநோய் ஒன்றை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது.

எலும்பு பேசும் மொழி

தொழுநோய் நுண்ணுயிரை நார்வே நாட்டு ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். ஆயினும் அந்நோய் எலும்பில் விட்டுச்செல்லும் தடயங்களை முறையாக வகுத்தவர் டென்மார்க் நாட்டு மருத்துவர் மொல்லர் கிறிஸ்டென்சன். அந்நாட்டின் நெஸ்ட்வெட் நகரில் நடுக்காலத் தொழுநோய் இல்லம் ஒன்று இருந்தது. அதன் இடுகாட்டை அவர் 1948 முதல் 20 ஆண்டுகள் அகழ்ந்து ஆராய்ந்தார். மூக்கின் கீழ் முன்னோக்கி நிற்கும் சிறு முள்ளெலும்பு தேய்ந்து மறைதல், மூக்குத்துளையின் விளிம்பு மழுங்கி அகலுதல், மேல்தாடையின் முன்பகுதி கரைந்து முன்பற்கள் விழுதல் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த மண்டையோடுகளை அவர் மீண்டும் மீண்டும் கண்டார். அவ்வுடல்களின் கால்விரல் எலும்புகளோ சீவிய எழுதுகோல் போல் மெலிந்து கூர்மையாகியிருந்தன.

வேலூர் தந்த விளக்கம்

விரல் எலும்புகள் இவ்வாறு தேய்வதேன்? நோயினால் சதை அழுகி விரல் தானே உதிர்ந்துவிடுகின்றது என உலகம் நெடுங்காலம் நம்பியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட் இந்நம்பிக்கையை மறுத்தார். நோய் தாக்குவது நரம்பை. நரம்பு கெட்டால் உணர்ச்சி அறும். உணர்ச்சி அற்ற கையில் சூடான பாத்திரம் சுட்டாலும், காலில் முள் தைத்தாலும் வலி தெரியாது. கவனியாத புண்ணில் வேறு கிருமிகள் புகுந்து எலும்பை அரிக்கும். வலி என்பது உடலின் காவலாள். அக்காவல் நீங்கியதன் விளைவே விரலிழப்பு. வேலூரில் வாழ்வோரிடம் பெற்ற இவ்வறிவைக் கொண்டே டென்மார்க்கில் புதையுண்ட கால்களின் கதையையும் நாம் படிக்க இயலுகின்றது.

பாலத்தல் மனிதர்

இராசத்தான் மாநிலத்தில் உதயப்பூருக்கு அருகே பாலத்தல் என்னும் செம்புக்கால ஊர் அகழப்பட்டது. அங்குக் கற்சுவர் சூழ்ந்த இடத்தினுள், எரிந்த சாணத்தின் சாம்பலிடையே, நடுத்தர வயதுடைய ஆடவர் ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 2000. மூக்கிலும் மேல்தாடையிலும் தொழுநோயின் தடயங்கள் காணப்பட்டன. இவ்வாய்வு 2009-இல் வெளியாயிற்று. இந்நோய் இந்தியாவில் நாலாயிரம் ஆண்டுத் தொன்மையுடையது என்பதற்கு ஏட்டுச் சான்றன்றி எலும்புச் சான்றும் இவ்வாறு கிடைத்தது.

மரபணுச் சான்று

எலும்பின் வடிவம் மட்டும் போதாதபோது நுண்ணுயிரின் மரபணுவே சான்றாகின்றது. தொழுநோய்க் கிருமியின் சுவர் மெழுகுத் தன்மையுடையது. ஆதலின் அதன் மரபணு நூற்றாண்டுகள் கடந்தும் சிதையாது எஞ்சுகின்றது. அதனை ஒப்பிட ஒரு முன்மாதிரி வேண்டுமன்றோ? 2001-இல் முதன்முதலாக முழுமையும் படிக்கப்பட்ட தொழுநோய்க் கிருமி வகைக்கு 'டி.என்.' என்று பெயர். அவ்வெழுத்துகள் குறிப்பது தமிழ்நாட்டை! இங்குள்ள நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்ட கிருமி அது.

டென்மார்க், சுவீடன், இங்கிலாந்து நாடுகளின் நடுக்கால எலும்புகளிலிருந்து பெற்ற கிருமி மரபணுக்கள் 2013-இல் வெளியிடப்பட்டன. இக்காலக் கிருமிகளோடு ஒப்பிட்டபோது பெரிய மாற்றம் ஏதும் இல்லை. எனவே ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டளவில் இந்நோய் அருகியதற்குக் கிருமி வலுவிழந்தது காரணமன்று. மக்களின் எதிர்ப்பாற்றலிலோ வாழ்க்கை நிலையிலோ காரணத்தைத் தேடவேண்டும் என்பது பெறப்பட்டது. தொழுநோயை உண்டாக்கும் மற்றொரு கிருமியினம் 2008-இல் அறியப்பட்டது. ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே அமெரிக்கக் கண்டங்களில் அது இருந்தது என்பதை 2025-இல் வெளியான ஆய்வு நிறுவியுள்ளது.

ஓர் எச்சரிக்கை

எலும்பைக் கொண்டு முடிவு செய்வோர் ஒன்றை மறத்தலாகாது. தொழுநோய் எலும்பை அடையப் பல ஆண்டுகள் ஆகும். விரைந்து இறந்தவரின் எலும்பில் தடயமே இராது. ஆகவே தழும்புடைய எலும்பு நோயோடு போராடி நெடுநாள் வாழ்ந்தவருடையதாகவும், தழும்பற்ற எலும்பு நோயின் முதல் தாக்குதலிலேயே வீழ்ந்தவருடையதாகவும் இருக்கலாம். இம்முரண்பாட்டை 1992-இல் ஜேம்ஸ் வுட் முதலிய ஆய்வாளர்கள் தெளிவாக எடுத்துரைத்தனர்.

முடிவுரை

தொழுநோயாளரை ஊருக்குப் புறத்தே ஒதுக்கியது நடுக்கால ஐரோப்பா மட்டுமன்று. நம் நாட்டில் 1898-இல் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக்குத் தொழுநோயை ஒரு காரணமாகக் காட்டிய சட்டப்பிரிவுகள் 2019-இல்தான் அகற்றப்பட்டன. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தினால் இந்நோய் முற்றும் குணமாகும் என்பது மெய்ப்பிக்கப்பட்ட பின்னரும் அத்தனை ஆண்டுகள் நாம் தயங்கி நின்றோம்.

எலும்புகளோ வேறு செய்தி கூறுகின்றன. தேய்ந்த விரலில் பாவத்தின் அடையாளம் இல்லை. நரம்பு மரத்தபின் உழைத்தும் நடந்தும் வாழ்ந்த ஒரு மனிதரின் வரலாறே உள்ளது. தொல்நோயியல் பழைய நோயைக் கண்டறியும் கலை மட்டுமன்று. பழைய பழியைத் துடைக்கும் கலையுமாகும்.