அரம் பிடிப்பது வீண் வேலையா?

சிஎன்சி எந்திரம் மைக்ரான் துல்லியத்தில் கடைந்து தரும் காலத்தில், ஐடிஐ ஃபிட்டர் பிரிவு மாணவர்களை வைஸ் முன்னால் நிறுத்தி இரும்பை அராவச் சொல்வது வீண் என்று பெற்றோர் பலர் நம்புகிறார்கள். 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழிவந்த இரண்டாண்டுப் படிப்பு இது என்பதால், பழையது என்ற பெயரும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அராவும் பயிற்சியில் இரும்பு குறைவது சின்ன விஷயம். அரத்தைத் தள்ளத் தொடங்கும்போது முன்நுனியிலுள்ள இடக்கை அதிகம் அழுத்த வேண்டும். தள்ளி முடிக்கும்போது அழுத்தம் வலக்கைக்கு மாறியிருக்க வேண்டும். மாறாவிட்டால் அரம் ஆடி, நடுப்பகுதி மேடாகவும் ஓரங்கள் சரிவாகவும் ஆகிவிடும். வெறும் கண்ணுக்கு அது தட்டையாகவே தெரியும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் ஓரத்தில் ஒளி கசிவது தெரியும். தன் கை செய்த பிழையைத் தானே அளந்து கண்டுபிடிப்பதுதான் இங்கே பாடம். மைக்ரோமீட்டர் காட்டும் 0.01 மி.மீ. எவ்வளவு என்பது அப்போதுதான் கைக்குப் புரியும்.

சிஎன்சி தருவது பாகங்களை. அவற்றைக் கோத்து எந்திரமாக்க ஆள் வேண்டும். ஐந்து பாகங்களில் ஒவ்வொன்றும் 0.02 மி.மீ. ஒரே பக்கம் விலகினால், எல்லாமே அனுமதித்த எல்லைக்குள் இருந்தும், கோத்தபின் 0.1 மி.மீ. விலகல் வந்துவிடும். ஷாஃப்டின் விளிம்பில் நகத்தில் தட்டுப்படும் பிசிறு ஒன்று போதும், பேரிங் கோணலாக ஏறும். ஏறவில்லையே என்று வெளி வளையத்தைத் தட்டினால், அடி குண்டுகள் வழியாகப் போய் ஓடுபாதையில் தழும்பு விழும்; இறுக்கமாக உட்கார வேண்டிய உள் வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். மோட்டாரின் ஒரு கால் மட்டும் தளத்தில் படியாமல் நின்றால், போல்ட்டை முடுக்கும்போது கூடு முறுக்கிக்கொண்டு அலைன்மென்ட் கெடும். ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, அந்தக் கனத்துக்கு ஷிம் தகடு வைப்பவர் ஃபிட்டர். தானியங்கி ஆலைகள் நிறைந்த ஜெர்மனியிலும், தொழிலக மெக்கானிக்குக்கான மூன்றரை ஆண்டுப் பயிற்சியில் அடிப்படைப் பாடம் அரத்தோடுதான் தொடங்குகிறது.

“நேராகக் கம்பெனியில் சேர்ந்தாலே கற்றுக்கொள்ளலாமே” என்று கேட்பார்கள். 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி உதவித்தொகையோடு ஆலைப் பயிற்சி பெறுவது நல்ல வழிதான். ஆனால் அடிப்படை இல்லாமல் உற்பத்தி வரிசையில் நிற்பவருக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான் கிடைக்கும்; அது ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்று விளக்க அங்கே யாருக்கும் நேரம் இராது. இன்னொரு குறையை மறுக்க முடியாது. அளவுகருவியைக் கையில் தராமல் மாதக்கணக்கில் அராவ மட்டும் வைத்தால், அது மாணவரின் இளமையைத் தின்கிற அநியாயம். அதற்கு மருந்து அரத்தை ஒழிப்பதல்ல. பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், ஒவ்வொரு மாணவர் கைக்கும் மைக்ரோமீட்டரும் டயல் கேஜும் வருகிறதா, பேரிங்கை அவர்களே ஏற்றிக் கழற்றுகிறார்களா என்று பணிமனைக்குள் போய்ப் பார்த்துக் கேட்க வேண்டும்.